உஷார்! கண்ணுக்குள் வைத்த லென்ஸை மறந்துவிட்டீர்களா?

மைனஸ் பத்து, மைனஸ் பன்னிரண்டு என்று இருந்த பவர் இன்றைக்குப் பூஜ்யத்தை ஒட்டி நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் சோடாபுட்டி என்று கூப்பிட்ட பயல்களெல்லாம் வாயை மூடிக்கொண்டார்கள். கண்ணாடி இல்லாமல் பைக் ஓட்டுகிறீர்கள், கண்ணாடி இல்லாமல் கல்யாண போட்டோவுக்கு நின்றீர்கள். நல்லது. ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். லென்ஸ் வைத்து, முதல் வருஷத்து செக்கப் எல்லாம் முடிந்தபிறகு, கடைசியாக எப்போது கண் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தீர்கள்?

யோசிக்க வேண்டியிருக்கிறதா? அப்படியானால் இதைப் படிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

கீழ்பென்னாத்தூரிலும், சோமாசிபாடி, வேட்டவலம், அவலூர்பேட்டைப் பக்கத்திலும் இருந்து சென்னைக்கும் புதுச்சேரிக்கும் வேலூருக்கும் போய் கண்ணுக்குள் லென்ஸ் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஐ.சி.எல். என்பார்கள், ஊரில் ‘உள்லென்ஸ்’ என்றும் சொல்கிறார்கள். தடித்த கண்ணாடிக்காரர்களுக்கு, அதிலும் கருவிழி மெலிந்திருப்பதால் லேசர் செய்ய முடியாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு, இது பெரிய வரப்பிரசாதம். அதை நான் மறுக்கவில்லை. என் பயமெல்லாம் ஆபரேஷனைப் பற்றியதல்ல. ஐந்தாவது வருஷம், பத்தாவது வருஷம், பதினைந்தாவது வருஷம் பற்றியது. அந்த வருஷங்களில் கண்ணுக்குள் நடக்கக்கூடிய கோளாறுகளில் பாதிக்குமேல் வலிக்காது, சிவக்காது, பார்வையை உடனே மங்கவும் வைக்காது. மெஷினில் பார்த்தால்தான் தெரியும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஊரில் யாரிடம் கேட்டாலும், “எங்க தாத்தாவுக்கு லென்ஸ் வெச்சு இருபது வருஷம் ஆச்சு, ஒண்ணும் ஆகலையே” என்கிறார்கள். தாத்தாவுக்கு வைத்தது வேறு, பேரனுக்கு வைத்தது வேறு. தாத்தாவுக்குச் செய்தது புரை ஆபரேஷன். மங்கிப்போன இயற்கை லென்ஸை எடுத்துவிட்டு, அது இருந்த பைக்குள்ளேயே செயற்கை லென்ஸை வைத்தார்கள். பக்கத்தில் உரச எதுவும் இல்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1992-ல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி, அந்த லென்ஸின் விலையை அடிமாட்டு விலைக்கு இறக்கிக் காட்டியபிறகு, முகாம் நடக்காத ஊரே இல்லை என்றாகிவிட்டது. அந்த லென்ஸ் சம்பாதித்த நல்ல பெயரில்தான் இந்த லென்ஸும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பேரனுக்கு வைத்ததில் இயற்கை லென்ஸை எடுக்கவில்லை. அது உயிரோடு, தெளிவாக, அதன் இடத்திலேயே இருக்கிறது. அதற்கு முன்னால், கண்மணியைச் சுற்றியிருக்கும் திரைக்குப் பின்னால், மெல்லிய ஒரு லென்ஸை மடித்து உள்ளே செருகி விரித்துவிட்டிருக்கிறார்கள். இரண்டு லென்ஸுக்கும் நடுவில் ஓர் இடைவெளி. டாக்டர்கள் ‘வால்ட்’ என்று சொல்வது அதைத்தான். சரியான அளவு என்று பொதுவாகச் சொல்லப்படுவது 250 முதல் 750 மைக்ரான். அதாவது கால் மில்லிமீட்டருக்கும் முக்கால் மில்லிமீட்டருக்கும் இடையில். இடைவெளி அதிகமானால் புது லென்ஸ் கண்மணித் திரையை முன்பக்கம் தள்ளி, கண்ணுக்குள் நீர் வடியும் மூலையை அடைக்கும். குறைந்தால் இயற்கை லென்ஸில் போய் உரசும், புரை விழும். நம் கண்ணின் நிம்மதி அந்த அரை மில்லிமீட்டரில் இருக்கிறது.

சரி, வைத்த அன்று சரியாக இருந்தால் போதாதா? போதாது. நம்முடைய சொந்த லென்ஸ் வயது ஏற ஏறப் பருத்துக்கொண்டே போகும் பொருள். முன்னால் இருக்கும் செயற்கை லென்ஸ் அப்படியே நிற்க, பின்னால் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறி வரும். சுவிட்சர்லாந்தின் லொசான் நகரத்து மருத்துவர்கள், ஐ.சி.எல். வைத்துக்கொண்ட 78 பேரின் 133 கண்களைப் பத்து வருஷம் தொடர்ந்து பார்த்து 2016-ல் வெளியிட்ட கணக்கு இது: ஆபரேஷன் முடிந்த உடன் சராசரி இடைவெளி 426 மைக்ரான், பத்து வருஷம் கழித்து 213. சரிபாதி.

அதே ஆய்வின் மற்ற எண்களைக் கேட்டால் வயிற்றைக் கலக்கும். ஐந்து வருஷத்தில் நூற்றுக்குச் சுமார் 41 கண்களில் இயற்கை லென்ஸில் ஏதோ ஒரு மங்கல். பத்து வருஷத்தில் 55. புரை ஆபரேஷனே செய்ய வேண்டிய நிலைக்குப் போனவை ஐந்தாம் வருஷம் நூற்றுக்கு 5, பத்தாம் வருஷம் 18. கண் அழுத்தம் கூடி, தினம் சொட்டு மருந்து போட வேண்டி வந்தவை நூற்றுக்குச் சுமார் 13.

அவசரப்பட்டு அலற வேண்டாம். இதே வகை லென்ஸை அமெரிக்காவில் 526 கண்களில் வைத்து ஏழு வருஷத்துக்கும் மேல் பார்த்த கணக்கு வேறு மாதிரி: மங்கல் நூற்றுக்கு ஆறேழு, பார்வையைக் கெடுக்கும் அளவுக்குப் போனது ஒன்றோ இரண்டோ. ஏன் இவ்வளவு வித்தியாசம்? வயது கூடக் கூட, பவர் கூடக் கூட ஆபத்தும் கூடும். லேசான மங்கலையும் கணக்கில் சேர்த்தார்களா என்பதும் எண்ணை மாற்றும். இரண்டில் நீங்கள் எந்தக் கூட்டம் என்பது உங்கள் கண்ணைப் பார்த்தால் மட்டுமே தெரியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டுமே பழைய மாடலின் கணக்கு. ஜப்பானிய மருத்துவர் கிமியா ஷிமிசு ஒரு யோசனை சொன்னார்: லென்ஸின் நட்ட நடுவில் 0.36 மில்லிமீட்டரில் ஒரு துளை. கண்ணுக்குள் சுரக்கும் நீர் அதன் வழியாகவே பாய்ந்து இயற்கை லென்ஸை நனைத்துக்கொண்டு போகும். 2011-ல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்து, உலகமெங்கும் அந்த மாடல்தான் ஓடுகிறது. அமெரிக்கா 2022 மார்ச்சில்தான் ஒத்துக்கொண்டது. துளை வந்தபிறகு புரைத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது, அதில் சந்தேகமில்லை. ஆனால் 2011-க்கு முன்னால் வைத்துக்கொண்டவர்கள் அநேகமாக எல்லாரிடமும் இருப்பது துளையில்லாத லென்ஸ். அவர்களுக்குத்தான் இப்போது பதினைந்து வருஷம் ஆகிறது. அவர்கள்தான் “எனக்கு வெச்சு ரொம்ப நாளாச்சு, இனிமே என்ன ஆகப்போகுது” என்கிறவர்களும். புதிய மாடல் வைத்தவர்களும் நிம்மதியாகத் தூங்க வேண்டாம். துளை நீரோட்டத்தைச் சரிசெய்யும், உங்கள் சொந்த லென்ஸ் பருப்பதை நிறுத்தாது.

நம் நாட்டிலேயே, குஜராத்தில், இதே வேலையைச் செய்யும் லென்ஸ்கள் தயாராகின்றன. விலை குறைவு. நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகிறது. அவை சந்தைக்கு வந்தது பின்னால் என்பதால், இருபது வருஷக் கணக்கு என்று ஒன்று அவற்றுக்கு இருக்கவே முடியாது. மோசம் என்று சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறேன்.

இனி விஷயத்தின் நடு முள்ளுக்கு வருகிறேன். கருவிழியின் உள்பக்கச் சுவரில் ஒற்றை அடுக்காகச் சில செல்கள் உண்டு. கருவிழிக்குள் ஊறிவரும் நீரை இடைவிடாமல் இறைத்து வெளியேற்றுவதுதான் அவற்றின் வேலை. அது நின்றால் கருவிழி ஊதி, வெளுத்து, பார்வை போய்விடும். இளவயதில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 2,500 முதல் 3,000 வரை இருக்கும். செத்தால் போனதுதான், திரும்ப முளைக்காது. ஒன்றும் செய்யாத கண்ணிலேயே வருஷத்துக்குச் சுமார் 0.6 விழுக்காடு குறைந்துகொண்டு வரும். ஐந்நூறு பக்கம் இறங்கிவிட்டால் கருவிழி தாங்காது, அப்புறம் கண்தானம் செய்தவர் கண்ணுக்காக வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

கண்ணுக்குள் வைத்த எந்த லென்ஸும் இந்தச் செல்களோடு கொஞ்சமாவது மோதிப் பார்க்கும். இதன் சரித்திரமே அப்படித்தான். 1953-ல் இத்தாலியில் ஸ்ட்ராம்பெல்லி என்பவர் கிட்டப்பார்வைக்காக முதன்முதலில் கண்ணின் முன்னறையில், அதாவது கருவிழிக்கும் கண்மணித் திரைக்கும் நடுவில், லென்ஸ் வைத்தார். ஆகா என்றார்கள். ஸ்பெயினின் பார்சிலோனாவில் பராக்கர் வரிசையாக வைத்துப் பார்த்து, சில வருஷத்தில் பாதிக்கும் மேற்பட்டவற்றைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. 1980-களின் கடைசியில் பிரான்ஸில் பைக்காஃப் புது வடிவத்தோடு வந்தார். அதுவும் செல் இழப்பால் வழக்கொழிந்தது. இதெல்லாம் அந்தக் காலம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆல்கான் என்ற பெரிய நிறுவனம் கொண்டுவந்த கேஷே என்ற லென்ஸ், ஆரம்ப வருஷங்களில் நல்ல பெயர் வாங்கி, செல் எண்ணிக்கை சரிவது தெரிந்து 2012-ல் விற்பனையிலிருந்து நிறுத்தப்பட்டது. ஒவ்வொரு முறையும் கதை ஒன்றுதான்: முதல் வருஷம் எல்லாருக்கும் பிரமாதமாகத் தெரிந்தது, கோளாறு பின்னால் வந்தது, வருஷா வருஷம் எண்ணிப் பார்த்தவர்களால்தான் அது வெளியே வந்தது.

முன்னறையில் வைக்கும் லென்ஸ்களில் இன்னும் மிச்சமிருப்பது, நண்டுக் கொடுக்குபோல இரண்டு பக்கமும் கண்மணித் திரையைக் கவ்விப் பிடிக்கும் வகை. நெதர்லாந்தின் ஜான் வொர்ஸ்ட் உருவாக்கியது. அதைப் பத்து வருஷம் பார்த்த டச்சு மருத்துவர்களின் கணக்கில், சராசரியாக ஆறில் ஒரு பங்கு செல் காணாமல் போயிருந்தது. சிலருக்கு இந்தக் காரணத்துக்காகவே லென்ஸை எடுக்க நேர்ந்தது. உங்களுக்கு வைத்தது முன்னறை லென்ஸா, பின்னறை லென்ஸா என்றே தெரியாமல் இருக்கிறீர்களா? அப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள். முன்னறைக்காரர்கள் இரட்டிப்பு உஷார். ஐ.சி.எல். பின்னறையில் உட்காருவதால் செல்லுக்கு ஆபத்து குறைவு. குறைவு என்பது இல்லை என்பதல்ல.

செல் எண்ணும் பரிசோதனைக்கு ஸ்பெகுலர் என்று பெயர். தாடையை வைத்து உட்கார்ந்தால் ஒரு நிமிஷ வேலை, கண்ணைத் தொடவே மாட்டார்கள். சின்னத் தாள் ஒன்று தருவார்கள். அதில் கறுப்பு வெள்ளையில் அறுகோண அறுகோணமாகச் செல்களின் படம், பக்கத்தில் ‘சி.டி.’ என்ற எழுத்துக்கு எதிரே 2,650 என்பதுபோல ஓர் எண். பெரும்பாலானவர்கள் இந்தத் தாளைப் பார்மசி பில்லோடு சேர்த்துக் கசக்கிப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். தனியாக ஒரு தாளுக்கு மதிப்பே கிடையாது. இந்த வருஷம் 2,200 என்றால் நல்லதா கெட்டதா? போன வருஷம் 2,220 என்றால் நல்லது. போன வருஷம் 2,500 என்றால் வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்ததிலிருந்து எல்லாத் தாளையும் வரிசையாக அடுக்கினால்தான் டாக்டருக்குக் கதை புரியும். அவற்றை ஒரு ஃபைலில் வையுங்கள். ரேஷன் கார்டு, பட்டா சிட்டா இருக்கும் அதே பீரோவில்.

“ஏதாவது ஆனா எடுத்துடலாம் சார், இது ரிவர்சிபிள்” என்று கவுன்சிலிங்கில் சொல்லியிருப்பார்கள். லென்ஸை எடுக்கலாம், உண்மை. செத்த செல் திரும்ப வராது. மங்கிய இயற்கை லென்ஸ் தெளியாது. முப்பத்தைந்து வயதில் புரை ஆபரேஷன் செய்துகொண்டால், கிட்டத்தில் இருப்பதைக் குவித்துப் பார்க்கும் சக்தி அன்றோடு சரி. போனில் மெசேஜ் படிக்கவும் கண்ணாடி தேட வேண்டும். அதற்கும் மேல், நீண்ட கண் உள்ள இளவயது ஆணுக்குப் புரை ஆபரேஷன் செய்தால் பின்னாளில் விழித்திரை பிரியும் ஆபத்தும் ஏறுகிறது. ரிவர்சிபிள் என்ற சொல்லுக்கு இவ்வளவு வால் இருக்கிறது.

இப்போதுதான் செய்துகொள்ளப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆபரேஷன் அன்றே கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறாதீர்கள். பத்து இருபது நிமிஷ வேலைதானே, சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். லென்ஸ் வைக்கும்போது கண்ணுக்குள் ஒரு ஜெல்லை நிரப்புவார்கள். அது கொஞ்சம் மிச்சம் தங்கினாலும், லென்ஸ் அளவு கொஞ்சம் பெரிதாகிப்போனாலும், சில மணி நேரத்தில் கண் அழுத்தம் ஜிவ்வென்று ஏறும். அறிகுறி என்ன? மண்டையைப் பிளக்கும் தலைவலி, கண்வலி, வாந்தி. பஸ்ஸில் வாந்தி எடுத்தால் நம் ஆட்கள் என்ன சொல்வார்கள்? பித்தம், வெறும் வயிறு, பஸ் ஒத்துக்கொள்ளவில்லை. எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கச் சொல்வார்கள். செஞ்சி தாண்டுவதற்குள் கண் நரம்பு அடிவாங்கிக்கொண்டிருக்கும். ஆபரேஷன் முடிந்து இரண்டு, மூன்று மணி நேரத்தில் அழுத்தம் பார்த்தார்களா என்று கேளுங்கள். அன்றிரவு ஆஸ்பத்திரி இருக்கும் ஊரிலேயே தங்குங்கள். லட்ச ரூபாய் செலவில் லாட்ஜ் வாடகை ஒரு பெரிய காசல்ல. ராத்திரி எடுக்கும் போன் நம்பர் ஒன்றை வாங்காமல் படியிறங்காதீர்கள்.

அழுத்தம் பிற்பாடும் ஏறும். அதற்கு நாமே உபகாரம் செய்கிறோம். ஊரில் மெட்ராஸ் ஐ பரவுகிறது, கண் சிவக்கிறது, நேரே மெடிக்கல் ஷாப்பில் போய் ‘கண்ணுக்கு ஒரு மருந்து’ என்று கேட்கிறோம். கொடுப்பது பல நேரம் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து. டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று லேபிளில் இருந்தால் அதுதான். போட்ட மறுநாளே சிவப்பு மறையும், அதனால் நல்ல மருந்து என்று பெயரெடுக்கும். தீரத் தீர வாங்கிப் போடுவார்கள். கடுமையான கிட்டப்பார்வை உள்ள கண்ணுக்கு ஸ்டீராய்டில் அழுத்தம் ஏறும் சுபாவம் மற்றவர்களைவிட அதிகம். மாதக்கணக்கில் போட்டால் புரையும் வரலாம். ஆபரேஷனுக்குப் பின் டாக்டர் எழுதிக்கொடுத்த சொட்டு மருந்துக்கும் இதே கதைதான்: எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறதோ அத்தனை நாள். பழைய சீட்டைக் காட்டி வாங்கினால் ஆபத்து. உள்லென்ஸ் வைத்தவர் வீட்டில் ஒரு மெடிக்கல் ஷாப் சொட்டு மருந்து பாட்டில் நிற்பதைப் பார்த்தாலே எனக்குப் பகீரென்கிறது.

அடுத்தது விழித்திரை. இங்கேதான் ஏமாற்றம் ஆழமாக இருக்கிறது. கண்ணாடி போனதும் கிட்டப்பார்வை நோயே போய்விட்டதாக நினைக்கிறோம். போகவில்லை. சாதாரணக் கண்ணின் நீளம் சுமார் 24 மில்லிமீட்டர். மைனஸ் பத்துக்காரர் கண் 26-ஐ எல்லாம் தாண்டி நீண்டிருக்கும். அந்த நீளத்துக்கு இழுபட்டு மெலிந்த விழித்திரை அப்படியேதான் பின்னால் இருக்கிறது. லென்ஸ் வெளிச்சத்தைச் சரியான இடத்தில் குவிக்கிறது, அவ்வளவுதான். ஓட்டை விழுவதும், பிரிவதும், நடுப்பார்வை கெடுவதும், கண்நீர் அழுத்த நோய் ஒட்டிக்கொள்வதும் லென்ஸ் வைக்காதவருக்கு எவ்வளவு சாத்தியமோ, வைத்தவருக்கும் அதில் குறைவில்லை. முன்பாவது கண்ணாடி மாற்ற வருஷத்துக்கு ஒருமுறை போனோம், டாக்டர் பின்னாலும் ஒரு பார்வை பார்த்தார். இப்போது அந்தக் காரணமும் போயிற்று.

கண்ணெதிரே புதிதாகக் கறுப்புப் பூச்சி பறந்தால், இருட்டில் பளிச் பளிச்சென்று மின்னினால், ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல் நிழல் வந்தால், அன்றைக்கே போக வேண்டும். நாளைக்கு அல்ல. பௌர்ணமி கூட்டம் முடியட்டும், நெல் அறுப்பு முடியட்டும் என்று தள்ளினால், நடுப்பார்வை இருக்கும்போது சேர்க்க வேண்டிய விழித்திரையை நடுப்பார்வை போனபிறகு சேர்ப்பார்கள். சேர்ந்தாலும் பழைய பார்வை வராது. வெளிச்சத்தைச் சுற்றி வட்டம் தெரிவது இதோடு சேராது. லென்ஸின் துளையாலும் விளிம்பாலும் ராத்திரியில் எதிரே வரும் லாரி விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். பலருக்குச் சில மாதத்தில் பழகிவிடும். பழகும்வரை திருவண்ணாமலை - செஞ்சி சாலையில் இருட்டியபின் வண்டி எடுக்காமல் இருப்பது உங்களுக்கும் எதிரே வருபவருக்கும் நல்லது.

சரி, இன்னும் வைத்துக்கொள்ளவில்லை, யோசிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் பக்கத்தில் இந்த ஆபரேஷனுக்கு நாள் குறிப்பது பெரும்பாலும் டாக்டர் இல்லை, கல்யாணத் தரகர்தான். தையில் கல்யாணம், அதற்குள் பொண்ணு கண்ணாடியைக் கழற்றியாக வேண்டும். பத்தொன்பது வயசுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். அமெரிக்க அனுமதியில் இந்த லென்ஸுக்குச் சொன்ன வயது 21 முதல் 45. பவர் ஒரு வருஷமாக அரை டயாப்டருக்குமேல் மாறாமல் நின்றிருக்க வேண்டும். ஏறிக்கொண்டிருக்கும் பவருக்கு லென்ஸ் வைத்தால் இரண்டு வருஷத்தில் மறுபடி கண்ணாடி, அதுவும் கண்ணுக்குள் லென்ஸோடு. கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் இப்போது வேண்டாம் என்பார்கள்; கல்யாணமான கையோடு கிளம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். போலீஸ், ராணுவம், ரயில்வே என்று எழுதிக்கொண்டிருக்கும் பையன்கள், தேர்வு விதியில் கண் ஆபரேஷன் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்பதை அச்சில் படிக்காமல் கண்ணைக் கொடுக்காதீர்கள். லேசருக்கு ஒரு விதி, உள்லென்ஸுக்கு வேறு விதி என்று இருக்கலாம்.

கேட்க வேண்டிய எண்கள் மூன்று. முன்னறை ஆழம் எவ்வளவு? 3 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் இந்த லென்ஸ் வேண்டாம் என்பதுதான் அமெரிக்க அனுமதியோடு வந்த நிபந்தனை. “2.8 தான், பரவாயில்லை, வெச்சுக்கலாம்” என்று யாராவது சொன்னால், நன்றி சொல்லிவிட்டு இரண்டாவது டாக்டரைப் பாருங்கள். செல் எண்ணிக்கை எவ்வளவு, என் வயதுக்கு அது போதுமா? இது இரண்டாவது. எந்த அளவு லென்ஸ், அந்த அளவை எப்படி முடிவு செய்தீர்கள்? இது மூன்றாவது. ஐ.சி.எல். 12.1, 12.6, 13.2, 13.7 என்று நான்கே அளவில்தான் வருகிறது. ஆண்டவன் கண்ணை நான்கு அளவில் படைக்கவில்லை. முன்னே சொன்ன இடைவெளிக் கோளாறுகளில் பெரும்பகுதி இந்த ஒரு தேர்வில்தான் தொடங்குகிறது. காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அளவெடுக்கும் முன் டாக்டர் சொன்ன நாள்வரை அதைக் கழற்றியே வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அளவே தப்பாகும்.

லேசரா உள்லென்ஸா என்று கேட்டால், மைனஸ் ஆறிலிருந்து இருபதுவரை உள்ளவர்களுக்கு இரண்டையும் ஒப்பிட்ட மூன்று சோதனைகளை, மொத்தம் 132 பேர், 228 கண்கள், ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் ஆய்வு உள்லென்ஸுக்குத்தான் ஓட்டுப் போட்டது. நானும் அதையே சொல்வேன். அந்த ஒப்பீடு ஒரு வருஷத்தோடு முடிந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

ஆக, வைத்தவர் வருஷத்துக்கு ஒருமுறை போக வேண்டும். கண் அழுத்தம், ஸ்பெகுலர், இடைவெளி அளக்கும் ஸ்கேன், கண்மணியை விரித்து விழித்திரை. நான்கும் ஒரே நாளில் முடியும். விரிக்கும் மருந்து போட்டால் சில மணி நேரம் கண் கூசும், அதனால் பைக்கில் போகாமல் துணைக்கு ஆளோடு பஸ்ஸில் போங்கள். வெறுமனே எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிவிட்டு “ஆறுக்கு ஆறு, சூப்பர்” என்று அனுப்பினால் செக்கப் ஆகவில்லை என்று அர்த்தம். மீதியைக் கேட்டு வாங்குங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் போகிறது.

கடைசியாக அந்தக் கார்டு. ஆபரேஷன் முடிந்ததும் பர்ஸில் வைக்கும் அளவில் ஓர் அட்டை கொடுத்திருப்பார்கள். அதில் லென்ஸின் மாடல், பவர், அளவு, வரிசை எண், எந்தக் கண், எந்தத் தேதி எல்லாம் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். உங்களுடையது துளை வைத்ததா இல்லாததா என்பதை டாக்டர் அந்த மாடல் பெயரிலேயே சொல்லிவிடுவார். நாளைக்கு லென்ஸை எடுக்கவோ மாற்றவோ வேண்டி வந்தாலும், ஐம்பத்தைந்து வயதில் புரை வந்து வேறோர் ஆஸ்பத்திரியில் படுத்தாலும், அந்த டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். பீரோவில் தேடுங்கள். கிடைத்தால் போட்டோ எடுத்து வீட்டில் இருவர் போனில் போட்டு வையுங்கள்.

கிடைக்கவில்லையென்றால், ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். 2002-ல் வந்த இந்திய மருத்துவக் கவுன்சில் விதிப்படி, கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணத்தைக் கொடுக்க வேண்டும். ஆனால் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருஷம் வைத்திருந்தால் போதும் என்பதும் அதே விதிதான். உங்கள் ஆபரேஷன் பத்து வருஷத்துக்கு முந்தையது என்றால், அந்த ஃபைல் இன்னும் இருக்கிறதா என்பது அந்த ஆஸ்பத்திரியின் நல்ல மனசைப் பொறுத்தது. இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.